மாதிரி எண் பதினேழு

இலக்கிய மீளாய்வு முடிந்ததா என்று
நெறியாளர் கேட்டதைச் சொன்னேன்.
தம்பி சிரித்தான்:
தண்ணியில ஃபுளோரைடு அளக்கிறவளுக்கு
இலக்கியம் எதுக்கு?

எனக்கு முன்னால் அளந்தவர்கள்
எழுதி வைத்ததற்குத்தான் அந்தப் பெயர்.
அதைத் தேடித்தான்
ஆடி தொடங்கிக் கார்த்திகை முடிய
பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறி
தருமபுரி நான்கு ரோட்டில் இறங்கினேன்.

கல்லூரி நூலகத்தில் நீர் வேதியியலுக்கு
ஒரே தட்டு, அதுவும் கடைசித் தட்டு.
குந்தி உட்கார்ந்தால்தான்
புத்தகங்களின் முதுகு தெரியும்.
நிலத்தடி நீர் பற்றிய தடித்த நூலை
யாரோ தொண்ணூற்றாறில் எடுத்துப் போய்த்
திருப்பித் தந்திருக்கிறார்,
நூற்றுப் பன்னிரண்டு முதல் நூற்றிருபது வரை நீங்கலாக.
பாறை கரையும் விதம் என்ற அத்தியாயம்
பொருளடக்கத்தில் மட்டும் இருந்தது.
நூலக உதவியாளர் மாதையன்
விளிம்பைத் தடவிப் பார்த்து
பிளேடு என்றார்.
அபராதப் பதிவேட்டைத் திறந்தார்.
யார் பேரில் எழுதுவது என்று மூடினார்.

இணையத்தில் வேறு சிக்கல்.
எங்கள் ஊர் எட்டிமரத்துக்கொட்டாய்.
ஆங்கிலத்தில் அதற்கொரு நிலையான உருவம் இல்லை.
டி ஒன்றா இரண்டா,
கொட்டாயா கொட்டையா,
சேர்த்தா பிரித்தா.
பதினோரு விதமாய்த் தட்டிப் பார்த்தேன்.
ஒன்பதாவதில் ஒரு செங்கல் சூளை வந்தது.
பதினோராவதில்,
மரத்தை யாரோ தவறவிட்டிருந்த ஒரு பெயரில்,
கட்டுரை.

சுருக்கம் இலவசம்:
கடினப் பாறை, கைப்பம்புகள், கோடை,
நாற்பது மாதிரிகள்.
மிச்சத்துக்கு முப்பத்தொன்பது டாலர்.
அம்மா மாம்பழக் கூழ் ஆலையில்
கொட்டை நீக்கி நிற்கும் எட்டு நாள்.

அந்தப் பம்பில் குடம் நிரப்ப
நாங்கள் எதுவும் கொடுத்ததில்லை.
கொடுத்தோம் என்றும் சொல்லலாம்.
போட்டோ ஸ்டூடியோவில் என்னைப் பார்த்து
உதட்டை மூடிச் சிரிங்க என்பார்கள்.

எழுதிய மூவருக்கும் மின்னஞ்சல் போட்டேன்.
ஒன்று, முகவரி இல்லையென்று திரும்பியது.
இரண்டாமவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று
கணினி தானாகவே பதில் சொன்னது.
மூன்றாமவர் பெயர் புனிதவல்லி.
அப்போது அவரும் மாணவியாய் இருந்திருக்க வேண்டும்.
பதின்மூன்றாம் நாள் இரவு
கோணலாய் ஸ்கேன் செய்த ஒன்பது பக்கம் வந்தது,
ஓரத்தில் பெருவிரல் நிழலோடு.

மாதேஷ் ஜெராக்ஸில் அச்செடுத்து
பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன்.
அட்டவணை மூன்று.
மாதிரி எண் பதினேழு.
மாரியம்மன் கோயில் எதிரே, கைப்பம்பு.
லிட்டருக்கு நான்கு புள்ளி ஆறு மில்லிகிராம்.
இரண்டாயிரத்து மூன்று, மே பதினொன்று.

எனக்கு நான்கு வயது.
ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த நேரம்.

கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான்
சீட்டு வாங்கினேன்.

அம்மாவுக்கு ஒரு ஜீப் ஞாபகமிருக்கிறது.
மூணு பேர் இறங்கி பாட்டில்ல தண்ணி பிடிச்சாங்க,
வழியில குடிக்க எடுத்துக்கிறாங்கன்னு நினைச்சேன்,
சொம்பு கூட கழுவிக் கொடுத்தேன் என்றாள்.

புனிதவல்லி கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்:
அந்தப் பம்பு இன்னும் இருக்கிறதா?
இருக்கிறது, கைப்பிடி மட்டும் இல்லை,
ஒகேனக்கல் தண்ணீர் நான்கு நாளைக்கொரு முறை வருகிறது,
வராத நாளில் பக்கத்து போர்
என்று எழுதினேன்.
சொம்பு பற்றி எழுதி, அழித்தேன்.

துணைநூல் பட்டியலில் எதையும் திருத்தக் கூடாது,
மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்கிறார் நெறியாளர்.
சரி.
அங்கே மரமில்லாத ஊர்.

நேற்று அந்த போரில் பிடித்த பாட்டிலில்
சீட்டு ஒட்டினேன்.
முழுப் பெயரும் கொள்ளவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கி
மரத்தோடு எழுதினேன்.